கம்பி போன வீடுகளுக்கு இணையம் வந்த வழி

"யாழ்ப்பாணத்தில் அம்மா தனிய இருக்கிறா. வீட்டில் லைன் இல்லை. மலிவாக ஒரு இன்ரநெற் எடுத்துக் கொடுக்க வேண்டும். எதை எடுக்கலாம்?" இந்தக் கேள்வி மாதத்தில் இரண்டு மூன்று தடவையாவது எனக்கு வருகின்றது. ஸ்காபரோவிலிருந்தும் வருகின்றது, ஹரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் வருகின்றது. செய்தியாளன் என்றால் எல்லாம் தெரிந்திருக்கும் என்பது நம்மவர்களின் பழைய நம்பிக்கை. இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம், சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு வரலாறு கிடக்கின்றது. அந்த வீட்டில் ஏன் லைன் இல்லை? கொழும்பில் வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ அதே காலத்தில் கட்டப்பட்ட வீட்டில் தொலைபேசிக் கம்பி இருக்கும்போது கோண்டாவிலிலும் கரவெட்டியிலும் ஏன் இல்லாமற் போனது? அந்த அம்மா இன்று மாதம் எவ்வளவு கட்டுகிறார் என்பதையும் இந்த இல்லாமையே பெருமளவுக்குத் தீர்மானிக்கின்றது.

எண்பதுகளின் தொடக்கத்தில் குடாநாட்டில் தொலைபேசி என்பது டாக்டர், சட்டத்தரணி, மொத்த வியாபாரி, அரசாங்க அலுவலகம் என்ற வட்டத்தைப் பெரிதாகத் தாண்டவில்லை. ஊரில் ஓரிரு வீடுகளில் இருக்கும். கொழும்புக்குப் பேசுவதென்றால் 'ட்ரங்க் கோல்' பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 1980ஆம் ஆண்டில் தபால் திணைக்களத்திலிருந்து தொலைத்தொடர்பு தனித் திணைக்களமாகப் பிரிக்கப்பட்டது. ஆயினும் நாடு முழுவதும் இணைப்புக்கு விண்ணப்பித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. தென்னிலங்கையில் அந்தக் காத்திருப்பு தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மெல்லக் குறைந்தது. 1991இல் திணைக்களம் ஸ்ரீலங்கா ரெலிகொம் என்ற கூட்டுத்தாபனமானது. 1997இல் ஜப்பானின் என்ரிரி நிறுவனம் அதில் 35 வீதப் பங்கை வாங்கியது. முதலீடு வந்தது, கம்பிகள் நீண்டன. அந்தக் கம்பிகள் நீண்ட ஆண்டுகளில்தான் யாழ்ப்பாணம் உலகத்தின் வரைபடத்திலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்தது.

1990 ஜூன் மாதத்தில் இரண்டாம் கட்ட ஈழப்போர் மூண்டது. மின்சாரம் நின்றது. தொலைபேசி நின்றது. 1995 வரைக்கும் ஏறத்தாழ ஐந்தரை ஆண்டுகள், பல இலட்சம் மக்கள் வாழ்ந்த ஒரு நிலப்பரப்பில் பொதுமக்களுக்கு ஒரு தொலைபேசி மணிகூட ஒலிக்கவில்லை. இதை இன்றைய இளைஞர்களுக்குச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் இட்டு எரித்த விளக்கிலே நாங்கள் செய்தி எழுதினோம். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். ஒருவர் சுற்ற ஒருவர் குறிப்பெடுப்பார். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைக்கும். பத்திரிகைக் கடதாசி வராத நாட்களில் பள்ளிக் கொப்பிக் கடதாசியிலும் பத்திரிகை அச்சாகியது.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையோடு பேச விரும்பிய ஒரு தாய் அன்று என்ன செய்தாள்? வெளியே போவதற்கு விடுதலைப் புலிகளிடம் 'பாஸ்' எடுத்தாள். இரவில் கிளாலிக் கடனீரேரியைப் படகில் கடந்தாள். அந்தப் பாதையில் கடற்படையின் தாக்குதலில் உயிரிழந்தவர்கள் பலர். பிறகு வன்னியைக் கடந்து, தாண்டிக்குளத்தில் சோதனை முடித்து வவுனியாவுக்கு வந்தாள். அங்கும் கொழும்பிலும் 'கொமினிகேசன்' என்று பெயர்ப்பலகை மாட்டிய சிறு கடைகளில் வரிசையில் நின்று, நிமிடத்துக்கு இவ்வளவு என்று மணிக்கூட்டைப் பார்த்தபடி பேசினாள். மூன்று நிமிட உரையாடலுக்காக உயிரைப் பணயம் வைத்த பயணம் அது. இணைய இணைப்பின் விலை பற்றி எழுத வந்தவன் இதை ஏன் எழுதுகிறான் என்று சிலர் நினைக்கலாம். தகவல் தொடர்பின் விலையை எங்கள் மக்கள் எந்த நாணயத்தில் கட்டினார்கள் என்பதை மறந்துவிட்டு இன்றைய கட்டணப் பட்டியலைப் படிக்க முடியாது என்பதே என் எண்ணம்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழுந்து நடந்தது. டிசம்பரில் யாழ் நகரம் இராணுவத்தின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு மக்கள் திரும்பி வந்தபோது வீடுகளுக்குக் கூரை இல்லை, கதவு நிலை இல்லை. தொலைபேசிக் கம்பத்தைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்! தொண்ணூறுகளின் இறுதியில் நகரத்தில் ஓரளவு இணைப்புகள் மீண்டன. அவை அலுவலகங்களுக்கும் சில கடைகளுக்கும் போதுமானவையாக இருந்தன. சாதாரண வீடு பட்டியலில் இல்லை. பளைக்கு அப்பால் போர் நடந்துகொண்டிருந்த ஒரு நிலத்தில் வீடு வீடாகச் செப்புக் கம்பி இழுக்க எந்த நிறுவனமும் முதலிடாது என்பது விளங்கிக்கொள்ளக்கூடியதே.

2002 பெப்ரவரி 22ஆம் திகதி போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. அந்த ஆண்டிலேயே டயலொக் நிறுவனத்தின் கைத்தொலைபேசிச் சேவை யாழ்ப்பாணத்துக்கு வந்தது. கைத்தொலைபேசியே காணாத ஒரு நகரம், நிலத்தொலைபேசி என்ற படியை மிதிக்காமலே அடுத்த படிக்குத் தாவியது. அதே ஆண்டு ஓகஸ்டில் வெளிநாட்டு அழைப்புகளில் ரெலிகொம் நிறுவனத்துக்கு இருந்த ஏகபோக உரிமை முடிவுக்கு வந்தது. வெளிநாட்டுக் கட்டணங்கள் விழுந்தன. திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தைச் சுற்றியும், நகரில் ஸ்ரான்லி வீதி, கஸ்தூரியார் வீதிப் பகுதிகளிலும் 'நெற் கஃபே'கள் முளைத்தன. ஒரு தொலைபேசி இணைப்பை ஐந்தாறு கணினிகள் பங்குபோட்டுக்கொள்ளும். யாகூ மெசெஞ்சரில் பெண் பார்த்தார்கள், மாப்பிள்ளை பார்த்தார்கள். பாமினி எழுத்துருவில் தட்டிய கடிதத்தை மறுமுனையில் அந்த எழுத்துரு இல்லாதவர் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். அதனால் கடிதத்தோடு எழுத்துருவையும் இணைத்து அனுப்பிய காலம் அது.

இனி இந்தக் கதையின் நடுப்பகுதிக்கு வருகிறேன். கம்பி இல்லாத வீட்டுக்குள் நிலத்தொலைபேசியைக் கொண்டுவந்தது சிடிஎம்ஏ என்ற தொழில்நுட்பமே. அதன் பெயரை விரித்துச் சொல்லத் தெரியாத எங்கள் ஆச்சிமார் 'சீடியெம்மே போன்' என்று அதற்குத் தமிழில் பெயரே வைத்துவிட்டார்கள்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு, அது தமிழ்நாட்டுக்குரியது. தொண்ணூறுகளில் சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு 'கோர்டெக்ட்' என்ற முறையை உருவாக்கியது. தொலைபேசி நிலையத்திலிருந்து வீடுவரை போகும் கடைசித் துண்டுக் கம்பிதான் செலவில் பெரும்பங்கு, அதை வானலையால் மாற்றினால் ஏழை வீட்டுக்கும் தொலைபேசி கட்டுப்படியாகும் என்பதே அவர்களது கணக்கு. 2001ஐ ஒட்டிய ஆண்டுகளில் மதுரை மாவட்டத்து மேலூர்ப் பகுதிக் கிராமங்களில் இந்த முறையில் இணையக் கூடங்கள் நடந்தன. விநாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகம். இன்று அதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்டவர்கள் அவர்கள்: கம்பி இல்லாத வீட்டுக்கு மலிவாக எப்படி?

இலங்கையில் 1996இலேயே சன்ரெல், லங்கா பெல் ஆகிய இரு நிறுவனங்களுக்குக் கம்பியில்லா நிலையான தொலைபேசிக்கான உரிமம் வழங்கப்பட்டது. அவை முதலில் கொழும்பையும் அதன் சூழலையுமே நாடின. 2005இல்தான் நிலைமை மாறியது. அந்த ஆண்டில் ரெலிகொம் உட்பட இந்நிறுவனங்கள் சிடிஎம்ஏ முறையில் இறங்கின. நாட்டின் நிலையான இணைப்புகளின் எண்ணிக்கை 2004ஆம் ஆண்டு முடிவில் ஏறத்தாழ 10 இலட்சம். 2008 முடிவில் அது ஏறத்தாழ 34 இலட்சம். நூறாண்டுக்கு மேலாகச் செப்புக் கம்பி செய்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேற்பட்டதை நான்கு ஆண்டுகளில் சேர்த்தவற்றுள் பெரும்பங்கு இந்தக் கம்பியில்லாப் பெட்டிகளுக்குரியது.

பார்ப்பதற்கு அது சாதாரண மேசைத் தொலைபேசி. பின்னால் ஒரு சிறு அன்ரெனா மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். இலக்கமோ நிலத்தொலைபேசி இலக்கம், 021 என்று யாழ்ப்பாணக் குறியீட்டோடு தொடங்கும். 021க்கு அடுத்த இலக்கத்தைப் பார்த்தே எந்த நிறுவனம் என்று சொல்லிவிடலாம்: 2 அல்லது 3 என்றால் ரெலிகொம், 4 என்றால் சன்ரெல், 5 என்றால் லங்கா பெல். இலக்கத்தைக் கேட்டதும் "பெல்லோ? இரவில் இழுக்காதே!" என்று அபிப்பிராயம் சொல்லும் நிபுணர்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருந்தார்கள். வீட்டில் அலை எங்கே நன்றாகக் கிடைக்கிறதோ அங்கேதான் தொலைபேசி குடியிருக்கும். சில வீடுகளில் அது யன்னல் விளிம்பு. சில வீடுகளில் அலுமாரியின் உச்சி. எங்கள் வீட்டில் சாமியறை. வெளிநாட்டு அழைப்பு வந்தால் எல்லோரும் கைகால் கழுவிவிட்டுத்தான் பேசப் போகவேண்டும் என்று அம்மா கட்டளையிட்டிருந்தார்.

குடாநாட்டின் நிலவமைப்பு இதற்கு உதவியது. மலை இல்லை, பள்ளத்தாக்கு இல்லை. கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரத்தில் கிடக்கும் சுண்ணாம்புத் தட்டு. ஒரு கோபுரத்திலிருந்து புறப்படும் அலையைத் தடுப்பவை பனையும் தென்னையும் மாமரமும்தான். சிடிஎம்ஏ இயங்கிய தாழ்ந்த அலைவரிசை, மரங்களை ஊடுருவித் தூரம் போகக்கூடியது. பின்னர் வந்த வேகம் கூடிய முறைகளுக்கு இந்தக் குணம் குறைவு. இன்று ரவுட்டரை எங்கே வைப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளவேண்டும்.

அந்தத் தொலைபேசியைக் கணினியோடு கேபிளால் பொருத்தினால் இணையமும் வந்தது. முறை அனுமதித்த உச்ச வேகம் விநாடிக்கு 153 கிலோபிட். அந்த உச்சம் முழுமையாகக் கிடைத்தாலும் ஒரு எம்பி அளவுள்ள புகைப்படம் வர ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகச் செல்லும். பத்து எம்பி உள்ள பத்திரிகைப் பக்கமொன்றை அனுப்ப ஒன்பது நிமிடம். உண்மையில் அதில் பாதி வேகமே கிடைத்தது. அனுப்பத் தொடங்கிவிட்டு ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாம். வந்து பார்த்தால் 80 வீதத்தில் அறுந்திருக்கும். ஆயினும், என் தொழிலில் நான் கண்ட மிகப் பெரிய மாற்றம் எது என்று யாராவது கேட்டால், கணினியைச் சொல்லமாட்டேன், கைத்தொலைபேசியையும் சொல்லமாட்டேன். வீட்டிலிருந்தே, எவரிடமும் கம்பி கேட்டு விண்ணப்பிக்காமல், செய்தியை வெளியே அனுப்பலாம் என்ற அந்த நிலையைத்தான் சொல்வேன்.

கம்பி இல்லாத இணைப்பை வெட்டுவதும் இலகு. 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சமர் வெடித்தது. ஏ-9 மூடப்பட்டது. ஊரடங்கு வந்தது. கைத்தொலைபேசிகள் ஊமையாயின. அதன் பின்னர் போர் முடியும்வரை குடாநாட்டில் கைத்தொலைபேசிச் சேவை விட்டுவிட்டுத் துண்டிக்கப்படுவது வழக்கமாயிற்று. கோபுரத்தில் ஓர் ஆளியை அணைத்தால் போதும். பல்லாயிரம் வீடுகள் ஒரே கணத்தில் மௌனமாகும். அந்த நாட்களில் அரிசிக்கும் மாவுக்கும் வரிசையில் நின்றவர்கள், யாருடைய வீட்டுத் தொலைபேசி இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதையும் வரிசையில்தான் விசாரித்தார்கள்.

2009க்குப் பின்னர் கோபுரங்கள் காளான்கள்போல முளைத்தன. டயலொக், மொபிட்டல், ஹட்ச், எயார்ரெல், எதிசலாற் என்று ஐந்து நிறுவனங்களும் வடக்கை நோக்கி ஓடிவந்தன. 1990 ஜூலையில் விழுந்த கொக்காவில் முகாமில் அழிந்துபோன ஒளிபரப்புக் கோபுரத்தின் இடத்தில், 174 மீற்றர் உயரமான புதிய கோபுரம் 2011 ஜூன் 6ஆம் திகதி திறக்கப்பட்டது. விரல் அளவு 'டொங்கிள்' ஒன்றைக் கணினியில் செருகினால் இணையம் வந்தது. 2012 டிசம்பர் இறுதியில் டயலொக் நிறுவனம் வீடுகளுக்கான எல்டிஇ என்ற நான்காம் தலைமுறைச் சேவையைக் கொழும்பில் தொடங்கியது. 2014இல் ரெலிகொம் தொடங்கியது. அவை குடாநாட்டின் ஒழுங்கைகளுக்கு வந்துசேர மேலும் சிறிது காலம் சென்றது. சிடிஎம்ஏ பெட்டி இருந்த யன்னல் விளிம்பில் ரவுட்டர் ஏறியது. இன்று 'லைன் இல்லாத வீட்டு இணையம்' என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இந்தக் கட்டத்தில் வேடிக்கையான ஒரு விடயம் நடந்தது. நிறுவனங்கள் மாதாந்த டேட்டாவைப் பகலுக்குக் கொஞ்சம், இரவுக்கு நிறைய என்று பிரித்து விற்றன. இரவு என்பது நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 7 அல்லது 8 மணிவரை. அந்த நேரத்தில் கோபுரம் சும்மா கிடப்பதால் அதை மலிவாகக் கொடுப்பது வியாபாரத் தந்திரம். கொழும்பிலே பலர் "நித்திரை கொள்கிற நேரத்தில் யாருக்கு வேண்டும்?" என்று திட்டினார்கள். யாழ்ப்பாணத்தவர் திட்டவில்லை! கோடைகாலத்தில் ரொறொன்ரோவில் இரவு 8 மணி என்றால் இங்கே அதிகாலை 5.30. லண்டனில் இரவு 8 மணி என்றால் இங்கே நள்ளிரவு 12.30. பிள்ளை வேலையால் வந்து, சமைத்துச் சாப்பிட்டுவிட்டு அம்மாவை அழைக்கும் நேரம் அப்படியே இரவு டேட்டாவுக்குள் விழுந்தது. கொழும்பு அதிகாரி ஒருவர் மேசையில் உட்கார்ந்து கீறிய கட்டண அட்டவணை, அவர் நினைத்தே பார்த்திராத ஓர் இனத்தின் இடப்பெயர்வோடு இப்படிப் பொருந்திப்போனது.

2020இல் கொரோனா வந்து பள்ளிகள் மூடியபோது வீட்டு இணையம் ஆடம்பரமல்ல என்பது அரசாங்கத்துக்கும் உறைத்தது. மலையகத்தில் பிள்ளைகள் அலை தேடிப் பாறைகளிலும் மரங்களிலும் ஏறினார்கள். இங்கே ஏற மலை இல்லை, மதிலில் ஏறினார்கள். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு கைத்தொலைபேசி, ஒரே நேரத்தில் மூன்று சூம் வகுப்புகள். 2021இல் எல்லையற்ற டேட்டாத் திட்டங்களுக்கு இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இடமளித்தது. 'எல்லையற்ற' என்ற சொல்லைப் படிக்கும்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடிக்குறிப்பையும் படிக்கவேண்டும். அளவுக்கு எல்லை இல்லை என்றால் வேகத்துக்கு எல்லை இருக்கும். குறிப்பிட்ட அளவு தாண்டியதும் வேகம் நடைவண்டியாகிவிடும்.

பிறகு 2022. ரூபா சரிந்தது. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரத்தைத் தொட்டது. பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே கம்பி வழியாக வரும். வீட்டில் மின்சாரம் நின்றாலும் அது பேசும். ரவுட்டர் அப்படியல்ல. வீட்டில் மின் போனால் அது சாகும். கோபுரத்தின் பற்றரி இறங்கி, ஜெனரேற்றருக்கு டீசலும் இல்லையென்றால் கோபுரமும் சாகும். அந்த ஆண்டு செப்டெம்பரில் கட்டணங்கள் 20 வீதம் உயர ஆணைக்குழு அனுமதித்தது. பெறுமதி சேர் வரியோ 2022 மே மாதத்தில் 8 வீதமாக இருந்தது; ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. விளம்பரத்தில் பெரிதாக அச்சிடும் விலை பெரும்பாலும் வரிக்கு முந்திய விலை. பென்சனில் வாழும் ஒரு முதிய பெண்ணுக்கு அந்த வித்தியாசம் ஒரு வாரப் பால்மா.

ஐக்கிய நாடுகளின் அகலப்பட்டை ஆணைக்குழு ஒரு குறிக்கோளை வைத்தது: 2025க்குள் ஒரு நாட்டின் அடிப்படை இணையக் கட்டணம், தலா மாத வருமானத்தின் 2 வீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது. நல்ல குறிக்கோள்தான். ஆனால் சராசரி வருமானம் என்பது கொழும்பு வங்கி முகாமையாளரையும் குருநகர் மீனவரையும் கூட்டி இரண்டால் பிரிப்பது. குருநகர் வீட்டின் கட்டுப்படியை அந்தச் சராசரி காட்டாது.

இனி, கேள்வி கேட்டவர்களுக்கு நான் சொல்லும் பதிலைச் சொல்கிறேன். என் சின்னம்மா ஒருவர் வடமராட்சியில் தனியே இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கனடாவிலும் பிரான்சிலும் இருக்கும் பிள்ளைகள் சென்ற ஆண்டு கூடிப் பேசி, பெரிய திட்டமாக ஒன்றை எடுத்துக் கொடுக்கத் தீர்மானித்தார்கள். என்னிடம் ஆலோசனை கேட்டார்கள். நான் அவரது பாவனையைக் கணக்கிட்டேன். நாளுக்கு ஒரு மணி நேரம் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுவார். அது அரை ஜிபியைத் தாண்டாது. மாதம் 15 ஜிபி. நல்லூர்த் திருவிழா நேரலை, பத்திப் பாடல், இரண்டு நாடகம் என்று யூடியூப்பைக் கூட்டினாலும் 40 ஜிபிக்குள் அடங்கும். பிறகு ஏன் பெரிய திட்டம் என்று கேட்டேன். "அண்ணை, கமராவுக்கு" என்றான் மூத்தவன்.

குடாநாட்டில் இன்று தனியே வாழும் முதியவர்களின் வீடுகளில் கமரா பூட்டுவது சாதாரணமாகிவிட்டது. திருட்டுப் பயம் ஒன்று. விழுந்துவிட்டால் தெரியவேண்டும் என்ற பயம் மற்றது. இரண்டும் நியாயமானவை. ஆனால் ஒரு கமரா விநாடிக்கு ஒரு மெகாபிட் வீதம் இடைவிடாமல் வெளியே அனுப்பினால் நாளுக்கு 10.8 ஜிபி, மாதத்துக்கு 324 ஜிபி. நான்கு கமரா என்றால் பெருக்கிப் பாருங்கள். சின்னம்மாவின் 40 ஜிபி அதற்குள் காணாமற் போய்விடும். மாத நடுவில் டேட்டா முடிந்து, கமராவும் நின்று, அவரது ஒரு மணி நேரப் பேச்சும் நின்றுபோகும். எனவே இரண்டு வேலை செய்தோம். கமராவை, அசைவு கண்டால் மட்டும் பதிவுசெய்து வீட்டிலுள்ள பெட்டியிலேயே சேமிக்கும்படி மாற்றினோம். வெளிநாட்டிலிருப்பவர் திறந்து பார்க்கும்போது மட்டுமே டேட்டா செலவாகும். திட்டம் நடுத்தரமானதாகச் சுருங்கியது. வேலிப்பக்கக் கமராவைப் பின்னர் சின்னம்மாவே துணியால் மூடிவிட்டார். "நான் கிணத்தடிக்குப் போறதை ஏன் கனடாவில பாக்கவேணும்?" என்பது அவரது கேள்வி. பதில் சொல்ல எவரும் துணியவில்லை.

நிறுவனம் எது என்று கேட்டால் பெயர் சொல்லமாட்டேன். அது கோபுரத்தையும் உங்கள் வீட்டு மாமரத்தையும் பொறுத்தது. நெல்லியடியில் நன்றாக இழுப்பது காரைநகரில் படுத்துவிடும். ரவுட்டர் வாங்குமுன் ஒவ்வொரு நிறுவனத்தின் சிம்மையும் ஒரு கைத்தொலைபேசியில் போட்டு, வீட்டுக்குள்ளே, மாலை ஏழிலிருந்து பத்து மணிக்குள் வேகத்தைச் சோதியுங்கள். காலையில் சோதித்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். ஊர் முழுவதும் நாடகம் பார்க்கும் நேரத்தில் என்ன கிடைக்கிறது என்பதே உண்மை வேகம். மாதக் கட்டணத்தை வரியோடு கேளுங்கள். ரவுட்டர் உங்களுக்குச் சொந்தமா, வேறு நிறுவனத்தின் சிம் அதில் வேலை செய்யுமா என்றும் கேளுங்கள். டேட்டா முடிந்தால் வேகம் குறையுமா அல்லது அடியோடு நிற்குமா என்பது முதியவர் இருக்கும் வீட்டில் முக்கியம். குறைந்தால் குரல் அழைப்பாவது போகும், நின்றால் எதுவும் இல்லை. தகட்டுக் கூரையின் கீழும் தடித்த சுண்ணாம்புச் சுவருக்குள்ளும் அலை நுழையாது; கூரைக்கு மேலே அன்ரெனா பூட்டும் செலவையும் கணக்கில் சேருங்கள். ரவுட்டருக்கென்று விற்கும் சிறு பற்றரிப் பெட்டி ஒன்றும் வாங்கிவிடுங்கள். மாதத்துக்கு இருநூறு ரூபா கூடினாலும் இந்த இரண்டுமே சின்னம்மாவுக்கு மிகவும் பயன்பட்டவை.

கண்ணாடி இழை இணைப்பு நகரத்திலும் பிரதான வீதியோரங்களிலும் வந்துவிட்டது. கிடைக்கும் வீட்டுக்காரர் யோசிக்காமல் அதை எடுக்கலாம். வேகமும் நிலையானது, மழைக்கும் அசையாது. கிடைக்காத ஒழுங்கைகளே அதிகம். 2025 ஜூலையில் ஸ்ரார்லிங்க் இலங்கைக்கு வந்தது. வானத்திலிருந்து நேரே இறங்கும் இணையம். கோபுரமும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். நெடுந்தீவிலும் எழுவைதீவிலும் ஒரு பாடசாலைக்கோ வைத்தியசாலைக்கோ அது பெரும் பயன் தரலாம். ஆனால் அதன் மாதக் கட்டணம் பத்தாயிரம் ரூபாவைத் தாண்டித் தொடங்கியது. தட்டுக்கு வேறு விலை. தனி வீட்டுக்கு, குறிப்பாகப் பென்சன் வீட்டுக்கு, அது இப்போதைக்கு எட்டாது. வெளிநாட்டுப் பிள்ளை கட்டுவான் என்பது வேறு விடயம். அவன் வேலை போனால் என்ன செய்வது என்பதையும் யோசிக்கவேண்டும்.

சென்ற மாதம் வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட காணிகளுக்குப் போயிருந்தேன். 1990இல் மக்கள் வெளியேறிய பின், உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கால் நூற்றாண்டுக்கு மேல் கிடந்த நிலம்; 2015இலிருந்து துண்டு துண்டாகக் கையளிக்கப்பட்டு வருகிறது. பற்றை வெட்டிய காணிகளில் அரைவாசி கட்டிய வீடுகள். பூச்சுப் பூசாத கல் சுவர், நிலை பூட்டாத யன்னல். ஒரு வீட்டில் அந்த யன்னல் கட்டில் ரவுட்டர் ஒன்று நின்றது. அதை அன்ரெனா பக்கமாகக் கொஞ்சம் திருப்பி வைத்து, நழுவாமலிருக்க இரண்டு செங்கல் முண்டு கொடுத்திருந்தார்கள். வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் இன்னும் வரவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை வாசற்படியில் இருந்து கணித வகுப்புப் பார்த்துக்கொண்டிருந்தது. மாதம் எவ்வளவு வருகிறது என்று தகப்பனிடம் கேட்டேன். தொகையைச் சொன்னார். பிறகு, "பிள்ளைக்குச் சோதினை முடியுமட்டும்தான் இந்தப் பக்கேஜ். அதுக்குப் பிறகு சின்னதுக்கு மாறவேணும், மாறலாமோ?" என்று கேட்டார். நடுவில் மாறினால் ஒப்பந்தக் காலத்துக்குரிய தண்டம் உண்டா என்று பற்றுச்சீட்டின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். அது ஆங்கிலத்தில் இருந்தது. வாங்கி வாசித்துச் சொல்லிவிட்டு வந்தேன்.